அவரைக்காய்: சந்தையிலா, கொல்லையிலா?

மார்கழியில் தருமபுரி உழவர் சந்தைக்கு ஆறு மணிக்கே போனால் பனி ஈரம் காயாத அவரைக்காயாகப் பார்த்துப் பொறுக்கலாம், எட்டு மணிக்கு மேல் போனால் அடியில் கிடக்கும் முற்றல்தான். எங்கள் கொல்லைப் பந்தலில் அந்த அவசரமில்லை. ஆனால் நாளைக்கு இரண்டு கைப்பிடிதான் தேறும், அதிலும் பாதியில் அசுவினிப் பூச்சி மொய்த்திருக்கும் (சாம்பல் தூவிப் பார்த்தாச்சு).

பொரியலுக்கு என் ஓட்டு கொல்லைப் பிஞ்சுக்குத்தான்: நாரெடுத்து, கடுகு, வரமிளகாய் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடினால் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும், தேங்காய்கூட வேண்டாம். ராகிக் களிக்குக் குழம்பென்றால் சந்தைதான் சரி. முற்றின காயை உரித்த கொட்டையோடு பாலக்கோட்டுத் தக்காளி இரண்டை நசுக்கிப் போட்டால் குழம்பு கெட்டியாக நிற்கும். பிஞ்சைப் போட்டால் குழைந்துவிடுகிறது, போன வாரம் ஒரு சட்டி அப்படித்தான் போச்சு.