மஞ்சள் நூலைப் பார்த்துக் கெவ்லர் என்று நம்பாதீர்கள்: ஆர்கான் வெல்டர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆர்கான் வெல்டிங் (டிக் என்பதும் இதுதான்) கையுறை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருச்சியில் பல பட்டறைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் ஒரு கடையில், "அசல் ஆட்டுத்தோல், கெவ்லர் தையல், டிக் வேலைக்கென்றே செய்தது" என்று சொல்லி ஜோடி 650 ரூபாய்க்கு ஒரு கையுறையை என் தலையில் கட்டினார்கள். அதில் ஆட்டுத்தோலும் இல்லை, நெருப்பில் உருகாத கெவ்லர் நூலும் இல்லை.

ஸ்டிக் வெல்டிங் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அவர்களுக்குத் தடித்த மாட்டுத்தோல் போதும். வெல்டிங் கம்பி மாட்டிய ஹோல்டரைப் பிடித்தால் வேலை நடந்துவிடும். எங்கள் பிழைப்பு விரல் நுனியில் இருக்கிறது. வலது கையில் வெல்டிங் டார்ச். இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மூட்டில் உருகிச் சேரும் 1.6 மில்லிமீட்டர் ஃபில்லர் கம்பியைச் சிறிது சிறிதாக உருட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் 304 ஸ்டெயின்லெஸ் தகட்டில் கம்பி ஒரு கணம் தடுமாறினாலும் ஓட்டை விழுந்துவிடும். அதனால்தான் மெல்லிய ஆட்டுத்தோலைத் தேடி அலைகிறோம். ஆர்கானில் பொறி அதிகம் தெறிக்காது என்பதால் மெல்லிய தோல் தாங்கும். ஆனால் அது தோலாக இருக்க வேண்டுமே!

ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்றில் மூட்டு வெல்டிங் ஓட்டிக்கொண்டிருந்தேன். டார்ச் கை நடுங்காமல் இருக்கச் சுண்டு விரலின் பக்கவாட்டைக் குழாயில் சாய்த்து நகர்த்துவது எல்லோரும் செய்வதுதான். முதலில் வந்தது பிளாஸ்டிக் எரியும் நாற்றம். கையை எடுத்தால் கையுறை குழாயோடு ஒட்டிக்கொண்டு, சூயிங்கம் போல இழுபட்டு வந்தது. சுண்டு விரல் ஓரத் தையல் வாய் திறந்திருந்தது. உள்ளே கொப்புளம். குழாயில் ஒட்டிய கருப்புப் பிசினைத் தேய்த்து எடுக்கவே வெகுநேரம் பிடித்தது. அந்த மூட்டை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஓட்டினேன்.

அன்று மாலையே பிளேடால் கையுறையைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் மாட்டுத்தோலின் அடி அடுக்கு, அதாவது ஸ்பிளிட். அதன் மேல் ஆட்டுத்தோல் போலப் புள்ளி அச்சு அடித்த பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பூச்சு. நகத்தால் சுரண்டினால் ஏடு போல உரிகிறது. விரல் இடுக்குகளில் அந்த அடித்தோல்கூட இல்லை, வெறும் ரெக்சின். தையல் நூலை லைட்டரில் காட்டினேன். சுருண்டு உருகி, நுனியில் கடுகளவு மணி கட்டியது. மஞ்சள் சாயம் ஏற்றிய பாலியஸ்டர் அது. அந்த நூல் 260 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கெவ்லர் உருகாது, 400 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கருகத் தொடங்கும்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "சூடான ஜாப்பைக் கையால் பிடித்திருப்பீர்கள் அண்ணே, அதற்கு எந்தக் கையுறையும் தாங்காது" என்றார் கல்லாவில் இருந்தவர். சூடான ஜாப்பை, அதாவது வெல்டிங் செய்த பொருளைப் பிடித்தால் தோல் சுருங்கும், விறைக்கும், கருகும். ஒருபோதும் உருகி ஒழுகாது. இதைச் சொன்னதும், "கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும்" என்று அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். உருகிய கையுறை மேசை மேல் கிடக்கிறது, அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்கள் உள்ள மாநிலத்தில் ரெக்சினைத் தோல் என்று விற்க ஒரு துணிச்சல் வேண்டும்.

கையுறையோடு வந்த அட்டையிலும் ஒரு சூழ்ச்சி. பெரிதாக ஈஎன் 388 என்று அச்சிட்டிருந்தார்கள். அது உராய்வு, வெட்டு, கிழிசல், குத்தல் ஆகியவற்றுக்கான ஐரோப்பியத் தரம். வெப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. வெப்பத்துக்கு ஈஎன் 407. வெல்டிங் கையுறைக்கென்றே இருப்பது ஈஎன் 12477. அதிலும் டைப் ஏ கனமான வேலைக்கு, விரல் நன்றாக வளைய வேண்டிய டிக் வேலைக்கு டைப் பி. எண்ணை மட்டும் யாரும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதால் அட்டையை மட்டும் நம்பிப் பயனில்லை.

கடையிலேயே மணிக்கட்டு ஓரத்தை மடித்து வெட்டு விளிம்பைப் பாருங்கள். அசல் தோலில் நார் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகப் பிணைந்திருக்கும். பூச்சு என்றால் மேலே தனி ஏடு தெரியும். ஆட்டுத்தோலின் புள்ளிகள் இடத்துக்கு இடம் மாறும், அச்சில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனியைக் கத்தரித்துத் தரச் சொல்லி வெளியே வந்து நெருப்பில் காட்டுங்கள். தோல் துணுக்கு கிடைத்தால் அதையும் எரியுங்கள். முடி பொசுங்கும் வாடை வர வேண்டும். கையோடு ஒரு ஃபில்லர் கம்பியைக் கொண்டுபோய், கையுறையைப் போட்டுக்கொண்டு மேசையிலிருந்து எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். விரல் நுனியில் தோல் மிஞ்சித் தொங்கினால் அந்த அளவு வேண்டாம்.

பில்லில் "ஆட்டுத்தோல், கெவ்லர் தையல்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்த பில்லில் "சேஃப்டி கையுறை 1 ஜோடி" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பில்லையும் கிழித்த கையுறையின் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையின் பதில் இன்னும் வரவில்லை.