லெட் பிரான்ஸ் புஷ் என்று பித்தளையைத் தலையில் கட்டினார்கள்: 46,800 ரூபாய் போச்சு

பாபநாசம், கபிஸ்தலம், அய்யம்பேட்டை, கும்பகோணம் பக்கம் மோட்டார் பட்டறை, லேத், ரைஸ்மில் வைத்திருப்பவர்கள் கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். லெட் பிரான்ஸ், அதாவது ஈயம் சேர்த்த வெண்கலப் புஷ் என்று சொல்லிப் பித்தளையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போனது 46,800 ரூபாய். தொழிற்சாலைச் சாமான் வாங்கவும் விற்கவும் என்றே நடக்கிற ஓர் ஆன்லைன் தளம். அதில் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று டிக் வாங்கி வைத்திருக்கும், உலோகம் வார்க்கிற ஒரு ஃபவுண்டரிக்காரர். பெயரைப் போடக் கை துறுதுறுக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் இப்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

எனக்கு சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர், ரீவைண்டிங் வேலை. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு முன்கூட்டியே நாற்று விட்டுவிடுவார்கள். அதனால் ஏப்ரல், மே மாதங்கள்தான் எங்களுக்கு சீசன். தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் சுழல்கிற தண்டான ஷாஃப்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று புஷ் இருக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கிற உலோக வளையம். பால் பேரிங் கிடையாது, கிரீஸ் கிடையாது, ஆயில் கிடையாது. உள்ளே இருக்கிற தண்ணீரை நம்பித்தான் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஷாஃப்ட் ஓடுகிறது. புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஆடினால் அதோடு சுற்றுகிற ரோட்டர் போய், அசையாமல் நிற்கிற ஸ்டேட்டரில் உரசும். உரசினால் கம்பிச் சுற்றான காயில் போச்சு, அவ்வளவுதான்.

அதனால்தான் லெட் பிரான்ஸ். 80-10-10 என்று கேட்டு வாங்குவோம்: செம்பு 80, வெள்ளீயம் 10, ஈயம் 10. வெள்ளீயம் செம்போடு கலந்து அதைக் கெட்டியாக்கும், பாரம் தாங்க வைக்கும். ஈயம் செம்பில் கரையாது, பொடிப்பொடித் துளிகளாகத் தனியே நிற்கும். தண்ணீர்ப் படலம் ஒரு நொடி அறுந்தாலும் அந்த ஈயம் ஷாஃப்டில் லேசாகப் பூசிக்கொண்டு, புஷ்ஷும் ஷாஃப்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் காப்பாற்றும். கொள்ளிடக்கரைப் போர்களில் நைஸ் மணல் ஏறுவது உங்களுக்கே தெரியும். அந்தத் துகள் மெத்தென்ற உலோகத்தில் புதைந்துகொள்ளும், ஷாஃப்டைக் கீறாது. கன்மெட்டல் 85-5-5-5 (செம்பு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம்) வால்வுக்கும் லேசான வேலைக்கும் சரி. அலுமினியம் பிரான்ஸுக்குப் பலம் அதிகம், ஆனால் அது கடினமாக்கிய ஷாஃப்டையும் நல்ல ஆயிலையும் கேட்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்காக மரியாதை இருக்கிறது. என் மோட்டாருக்குள் அதற்கு என்ன வேலை?

வழக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரர் கிலோவுக்கு விலை ஏற்றியதும் தளத்தில் தேடினேன். இந்த ஆள் அகப்பட்டார். தங்கமான பேச்சு. “சார், முதல்ல சாம்பிள் வாங்கிப் பாருங்க, பிடிச்சா ஆர்டர் போடுங்க” என்றார். இரண்டு புஷ் வந்தது. நல்ல சரக்கு, இன்றைக்கும் சொல்கிறேன். அதைப் போட்ட மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் வீடியோ கால். உலை தெரிகிறது, உலோகம் உருக்குகிற மூசை தெரிகிறது, பின்னால் சுவரோரம் உலோகக் கட்டிகளான இங்காட் அடுக்கி வைத்திருக்கிறது. அதில் வெள்ளையாக ஒன்றைக் கையில் எடுத்துக் கேமராவுக்கு நேராகக் காட்டி, “இது வெள்ளீயம் சார். செம்பை விட மூணு பங்கு விலை. இதுல கை வைக்கிறவன் தொழில் பண்ணவே லாயக்கு இல்ல” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். சரக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து பேசுகிற மனுஷனை எப்படிச் சந்தேகப்படுவது? அன்று மாலையே 46,800 ரூபாயை அனுப்பினேன். கூடவே டெஸ்ட் சர்டிஃபிகேட் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர், தசமப் புள்ளியோடு சதவீதம், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது.

பார்சல் வந்தது. இன்னும் கடையாத ரஃப் காஸ்டிங் என்பதால் மேல்தோல் கறுப்பும் பழுப்புமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைசல் வேலையை நாங்கள் வெளியே கொடுக்கிறோம். லேத்காரர் புஷ் உட்காருகிற ஹவுசிங்கிலேயே புஷ்ஷை அடித்து, உள்துளையைக் கடைந்து, ஷாஃப்டுக்குச் சேர்த்துத் தருவார். பச்சை மஞ்சளாக இருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார். திருட்டுப் பயல்கள் செம்பைக் கூட்டிப் போட்டு நிறத்தைச் சமாளித்திருக்கிறார்கள்.

முதல் போன் கபிஸ்தலத்திலிருந்து. உறவுமுறையில் மாமா. “என்ன மாப்ள, மோட்டார் உர்ருங்குது, ரிலே அடிச்சு அடிச்சு விழுது?” பைப்பைத் தூக்கி மோட்டாரை மேலே எடுத்துத் திறந்தோம். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டு போயிருந்தது. ஷாஃப்ட் ஸ்லீவில் புஷ் உலோகமே பட்டையாக அப்பிக் கிடந்தது, நகத்தால் சுரண்டினால் வரவில்லை. வடிந்த தண்ணீரில் மினுமினுவென்று பொடி. ரோட்டரில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசின தடம். காயில் கருகின நாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. “நாத்து நிக்குது மாப்ள, தண்ணி காட்டலன்னா காஞ்சிடும்” என்றார். என் கையில் இருந்த வேறு மோட்டாரை இறக்கிக் கொடுத்தேன். அதற்குள் அடுத்த போன். அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. அந்த ரீவைண்டிங் கம்பிச் செலவும் ஆள் கூலியும் என் கணக்கு. 46,800 ரூபாயில் அது சேராது.

மீதி இருந்த புஷ்ஷில் ஒன்றை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவிலில் விளக்கு வார்க்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். வாங்கிப் பார்த்தார், அரம் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை வெட்டிச் சின்ன மூசையில் போட்டு உலையில் வைத்தார். உருகினதும் வெள்ளைப் புகை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மூசை வாயெல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள் படிந்தது. துத்தநாகம் எரிந்தால் அப்படித்தான். லெட் பிரான்ஸில் இந்த அளவுக்குப் புகைய எதுவும் இல்லை. “ஐயா, என்ன இது?” என்றேன். “இது எங்க சரக்கு தம்பி, உங்க சரக்கு இல்ல” என்றார்.

2023-ல் டெல்லியில் ஜி20 மாநாட்டு மண்டபத்துக்கு முன்னால் நிறுத்திய 27 அடி நடராஜர் இங்கே பக்கத்தில் சுவாமிமலையில் வார்த்தது. இந்த ஊர்க்காரனுக்கு வெண்கலம் என்று பித்தளையை அனுப்ப எவ்வளவு தைரியம் வேண்டும்!

அப்புறம் திருச்சியில் ஒரு தனியார் லேபில், எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மிஷினில் வைத்துப் பார்த்தேன். செம்பு 71, துத்தநாகம் 22, ஈயம் 5, வெள்ளீயம் ஒன்றுக்கும் கீழே. 10 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. பழைய பாத்திரமும் கம்பியும் போட்டு உருக்கினது. துத்தநாகம் 15 சதவீதத்தைத் தாண்டிய பித்தளை தண்ணீரில் கிடந்தால், நாளாக ஆகத் துத்தநாகம் கரைந்து ஓட்டை ஓட்டையான செம்பு மட்டும் மிஞ்சும். இது அந்தக் கட்டத்துக்குக்கூடப் போகவில்லை, அதற்கு முன்னாலேயே தேய்ந்துவிட்டது.

இனி அந்த ஃபவுண்டரிக்காரரின் பதில்களைக் கேளுங்கள். முதல் போனில், “காஸ்டிங்ல கலர் கொஞ்சம் மாறும் சார்” என்றார். நான் கலரைப் பற்றிப் பேசவே இல்லை! அடுத்த முறை, “உங்க ஷாஃப்ட் கோணலா இருக்கும், டயல் வச்சுப் பாருங்க.” அதற்கடுத்து, “உங்க ஊர்ல மணல் தண்ணி சார், நாங்க என்ன பண்றது.” லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு வேறு யாரோ எடுத்து, “ஓனர் வெளியூர்ல இருக்காரு.” அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

தளத்துக்காரர்கள் அதற்கு மேல். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பித்து, வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை என்று முடிக்கிறார்கள். அப்படியானால் அந்த டிக் எதற்கு? எதைச் சரிபார்த்தீர்கள், ஜிஎஸ்டி நம்பரையா? பொருள் வந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், உபயோகிக்காமல் இருந்தால்தான் திரும்ப எடுப்பார்களாம். கடையாத புஷ்ஷை வைத்து நான் என்ன செய்வது, பேப்பர் வெயிட்டா? பில்லைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தால் ‘மெட்டல் புஷ்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. “லெட் பிரான்ஸ்னு பில்லில் இல்லையே சார்” என்கிறது தளத்திலிருந்து பேசிய பெண் குரல், ரொம்ப மரியாதையாக. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று கடைசியில் ஒரு மெயில். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவனுக்கு 2019 நுகர்வோர் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று வக்கீல் காட்டினார். அதை எழுதி அனுப்பினேன். ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று வந்தது. 46,800 ரூபாய்க்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் மன்னார்குடியில் பட்டறை வைத்திருக்கிற நண்பரிடம் பேசினேன். அவரும் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார். அவருக்கு வந்த சர்டிஃபிகேட்டையும் எனக்கு வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஹீட் நம்பர், ஒரே சதவீதம், தசமப் புள்ளிகூட மாறவில்லை. பெயரும் தேதியும் மட்டும் வேறு. எங்கள் இருவரின் ஆர்டருக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. சாம்பிளை நம்பாதீர்கள், மொத்தமாக வந்த சரக்கிலிருந்து ஒன்றை எடுத்து எக்ஸ்ஆர்எஃப் பாருங்கள். பில்லில் கிரேடும் ஐஎஸ் 318 என்கிற இந்தியத் தர எண்ணும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நல்ல தராசு இருந்தால் நூல் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். கிலோவுக்கு லெட் பிரான்ஸ் 112 கிராம் போல எடை குறையும், மஞ்சள் பித்தளை 118 போல. இந்த மாதிரி கலப்படம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், வார்ப்பில் ஓட்டை இருந்தாலும் கணக்கு மாறும், அதனால் இதை மட்டும் நம்பவும் வேண்டாம். பேச்சை எல்லாம் ரெக்கார்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாச்சு, நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போகிறது. இந்த சீசனில் என்னிடம் புஷ் மாற்றியவர்கள் மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். காயில் போகும் முன் எடுத்துவிட்டால் புஷ் மாற்றுவதோடு போகும், காசு வேண்டாம். அப்புறம், மீதிப் புஷ்ஷைப் பாதி விலைக்குக் கொடு என்று நேற்றிலிருந்து சிலர் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அது கேஸுக்கு ஆதாரம், வேறு ஒருவர் மோட்டாருக்குள் போகவும் விடமாட்டேன்.