இசை இதழின் அட்டைக்கு எது பொருந்தும்: முகமா, கருவியா, மேடையா, ஓவியமா?

ஏ4 இதழின் அட்டை நிமிர்ந்தது: அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. கிட்டாரும் புல்லாங்குழலும் வீணையும் குறுக்கே நீள்பவை. இசை இதழுக்கு அட்டை வடிவமைக்கும்போது வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. கருவி முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் கலைஞரின் முகம் சுருங்கிவிடும். முகம் பெரிதாக வேண்டுமென்றால் கருவியை எங்காவது வெட்ட வேண்டும். அதனால் என்ன படம் என்பதையும் எழுத்துகள் எங்கே உட்காரும் என்பதையும் ஒன்றாகவே முடிவு செய்ய வேண்டும். படத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு இடம் தேடினால், கடைசியில் பாடகரின் தொண்டைமேல்தான் தலைப்பு ஏறும்.

முகம் மட்டும்

கடை அடுக்கில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும். பெரும்பாலும் மேல் பகுதிதான் கண்ணில் படும். இதழின் பெயர் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, அதற்குச் சற்றுக் கீழே கண்கள் வந்தால் முகம் தன் வேலையைச் செய்துவிடும். பாடகருக்கு, அதுவும் வாசகர் நன்கறிந்த பாடகருக்கு, இதைவிட வலுவான தேர்வு இல்லை. அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் 1981 ஜனவரி 22 தேதியிட்ட அட்டையில், ஆனி லீபோவிட்ஸ் எடுத்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன், அவர் மனைவி யோகோ ஓனோ படத்தோடு கட்டுரைத் தலைப்பு எதுவுமே அச்சாகவில்லை. அந்த முகங்களை எல்லோருக்கும் தெரியும், லென்னன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது நின்றது. புதிய கலைஞரின் படத்தோடு அதே மௌனத்தைக் காட்டினால், யாரோ ஒருவரின் முகமாகத்தான் அது தெரியும். இசை இதழ் என்றே தோன்றாது.

தலை இதழ்ப்பெயரை மறைக்கலாமா? பெயர் பழகியதாக இருந்தால் ஓர் எழுத்தின் பாதி மறையலாம். தமிழ்ப் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். ‘கி’யின் மேல்வளைவு மறைந்தால் அது ‘க’ ஆகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். எழுத்தின் நடு உடலை மறைத்தால்கூடப் பாதகமில்லை, மேல்வளைவையும் புள்ளியையும் மறைக்கக் கூடாது.

கருவியோடு கலைஞர்

இசை இதழுக்கு இதுதான் சரியான அட்டை என்பது எங்கள் கருத்து. ஆனால் எடுப்பது கடினம். வலக்கைக் கலைஞர் கிட்டாரை ஏந்தி நேரே பார்த்தால், அதன் கழுத்து பார்ப்பவருக்கு வலப்பக்கம் நீளும். கழுத்தை ஏறக்குறைய 45 பாகை உயர்த்திப் பிடிக்கச் சொன்னால் கருவி மூலைவாட்டில் அமையும். தலைக்கு இடப்பக்கம் கட்டுரைத் தலைப்புகளுக்கும், வலக்கீழ் மூலை பார்கோடுக்கும் தானாகக் காலியாகக் கிடைக்கும். பக்கவாட்டுப் புல்லாங்குழல் நேரெதிர்: பார்ப்பவரின் இடப்பக்கம், அதாவது இதழின் முதுகை நோக்கி நீளும். பசை போட்டுக் கட்டிய இதழில் முதுகை ஒட்டிய 5 முதல் 8 மி.மீ. மடிந்துபோகும், குழலின் நுனி அங்கே விழுந்தால் உடைந்ததுபோல் தெரியும். குழலின் நுனிப்பக்கமாக நகர்ந்து, சாய்கோணத்தில் எடுத்தால் நீளம் சுருங்கிவிடும். அப்போது லென்ஸின் துளையை அகலத் திறக்கும் எஃப்/2.8 வேண்டாம், கண் கூர்மையாகவும் விரல்கள் மங்கலாகவும் போய்விடும். எஃப்/8 அளவில் இரண்டும் பிழைக்கும்.

இடம் போதவில்லை என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது இசை இதழில் மன்னிக்க முடியாத பிழை. வலக்கைக்காரர் இடக்கைக்காரராவார், கம்பிகளின் வரிசை மாறும், சட்டைப் பொத்தான் பக்கம் மாறும். வாசிக்கத் தெரிந்த வாசகர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். விரல்கள் வெறுமனே கம்பிமேல் கிடந்தாலும் அப்படித்தான். உண்மையிலேயே வாசிக்கச் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது. வார்னிஷ் பூசிய மரத்தில் விளக்கின் வெள்ளைத் திட்டு விழும். விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் பெரும்பாலும் போய்விடும்.

மேடைப் படம்

உயிர்ப்பு அதிகம், செலவு குறைவு. ஆனால் அச்சுக்குப் போனால் ஏமாற்றுவதும் இதுதான். எல்இடி விளக்கின் அடர்நீலமும் மெஜந்தாவும் திரையில் ஒளிரும். அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கேக்கு (சி சயான், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு) அந்த நிறங்கள் எட்டாது. நீலம் ஊதாவாக மங்கும், ஒரே நிறத்தில் குளித்த முகத்தில் மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியாது. ரா கோப்பு (கேமரா பதிந்த, பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருந்தால் ஓரளவு மீட்கலாம். இல்லையென்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இதழ்ப்பெயருக்கு மட்டும் ஒரே ஒரு வலுவான நிறம் கொடுப்பது நேர்மையான தீர்வு. மைக் வாயை மறைக்கும் படங்களை முதல் சுற்றிலேயே கழித்துவிடுங்கள். பாடிமுடித்து மைக்கை இறக்கும் கணம்தான் அட்டைக்கு வரும்.

அளவுக் கணக்கையும் முன்பே போட வேண்டும். நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (அச்சிட்டபின் வெட்டி எறியும் ஓரம்) சேர்த்தால் 216 × 303 மி.மீ.; அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 2551 × 3579 பிக்சல். 6000 × 4000 பிக்சல் கொண்ட படுக்கைவாட்டுப் படத்தின் முழு உயரத்தையும் எடுத்தால் போதும். கூட்டத்தின் நடுவிலிருந்து பாடகரை மட்டும் பிரித்து 2000 பிக்சல் உயரத்துக்கு வெட்டினால் அங்குலத்துக்கு 168 பிக்சலாக இறங்கிவிடும், புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடவே பெரிதாகும்.

ஓவியமும் வெறும் எழுத்தும்

மறைந்த கலைஞர், பல தலைமுறைக் கலைஞர்கள் ஒன்றாக, ஓர் இசைவகையின் வரலாறு: இவற்றுக்கு ஓவியம்தான் சரி. நிறத்தை அச்சுக்குத் தகுந்தபடி முதலிலிருந்தே கட்டுப்படுத்தலாம், இதழ்ப்பெயருக்கான வெற்றிடத்தை வரைவிலேயே கேட்டு வாங்கலாம். கோப்பை அடுக்குகள் பிரித்தே கேளுங்கள். உருவத்தின் பின்னே பெயரை நுழைக்க அதுதான் வழி. முகச்சாயல் பொருந்தாமல் திரும்பத் திரும்பத் திருத்துவதில் நாட்கள் கரையும். பென்சில் வரைவிலேயே சாயலுக்கு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

எழுத்து மட்டுமே உள்ள அட்டை மலிவு, ஆனால் சிறப்பிதழுக்குத்தான் ஏற்றது. எல்லா மாதமும் செய்தால் விளம்பரத் தட்டிபோல் தோன்றும். தடித்த தமிழ் எழுத்துருவில் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வளைவுகள் அடைபடும். மேல்வரியின் ‘மு’, ‘ரு’ கீழ்வரியின் ‘கீ’, ‘றி’யோடு முட்டும். வரி இடைவெளியை எழுத்தளவின் 1.3 மடங்குக்குக் குறைக்காமல் தொடங்கி, கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எந்த வகையானாலும் மாறாதவை சில. பார்கோடின் இயல்பளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை குறைக்கலாம், இருபுறமும் வெற்றிடம் கட்டாயம். கோடுகளைச் சிவப்பில் போடக் கூடாது. ஸ்கேனரின் சிவப்பொளியில் அவை வெள்ளையாகிவிடும். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் 100 கே சாம்பலாகத் தெரியும். சி60 எம்40 ஒய்40 கே100 கலவை ஆழமாக விழும். அதே கலவைமேல் பொடி வெள்ளை எழுத்து வைத்தால், நான்கு மைகளின் அச்சுத் தகடுகளில் ஒன்று துளி விலகினாலும் எழுத்தின் ஓரம் நிறம் கசியும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் முகத்துக்கு அழகு, ஆனால் கறுப்புப் பின்னணியில் விரல் ரேகை பதியும். பளபளப்பு லேமினேஷன் நிறத்தை உயர்த்தும். கடை விளக்கைப் பிரதிபலிக்கவும் செய்யும்.

அச்சுக்கு அனுப்புமுன் அசல் அளவில் ஒரு பிரதி எடுத்து, வேறு இதழ்களுக்கு நடுவே செருகி மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அதே படத்தைத் திரையில் 150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியும் பாருங்கள். அங்கே கருவி எது என்று தெரியாமல் போனால், படத்தை இன்னும் நெருக்கமாக வெட்டி, துணைத்தலைப்புகளில் இரண்டை எடுத்துவிடுங்கள்.