எட்டு வருடம், நான்கு தோட்டா, ஒரு கட்டைவிரல்

பட்டறையிலிருந்து துப்பாக்கி போன வாரம் திரும்பி வந்தது. அதே நாளில் பிரிட்டோரியாவிலிருந்து தம்பி ஒருவன் போன் செய்தான்: "அண்ணே, நானும் இதையே வாங்கிடட்டுமா?" கோபம் ஆறட்டும், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.

லீவர் ஆக்ஷன், அதாவது விசைக்குக் கீழே உள்ள நெம்பியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ரகம். தோட்டா அளவு .45-70, கையிருப்புக் குழாயில் நான்கு. மற்ற விவரங்கள் எங்கும் கிடைக்கும். எட்டு வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாண முள்காட்டில் குளிர்காலம்தோறும் கூட வருகிறது. ஊரில் முயலைச் சுட்டாலே கேஸ் என்று வளர்ந்த எனக்கு, லைசென்ஸும் அனுமதியுமாக முறைப்படி வேட்டைக்குப் போவதே இன்றும் கொஞ்சம் கூச்சம்தான். அது வேறு கதை.

என் சண்டையெல்லாம் வலது பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங் கதவோடுதான். தோட்டாக்களை அதன் வழியாகத்தான் ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் தள்ள வேண்டும். கட்டைவிரலால் கதவை அழுத்தி, தோட்டாவை முன்னால் தள்ளி, கடைசி நொடியில் விரலை உருவ வேண்டும். நொடி தப்பினால் கதவின் ஓரம் நகத்துக்குக் கீழே கடிக்கும். ஜூன் மாத விடியலில் விரல் மரத்துப்போயிருக்கும். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கடித்ததே தெரியும்.

சரி, போடும்போது மட்டும்தானே என்றால் அதுவும் இல்லை. நாங்கள் போகும் பண்ணையில் பக்கியில் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) ஏறும் முன் துப்பாக்கி முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். நல்ல விதி, குறை சொல்லமாட்டேன். நண்பனின் போல்ட் ஆக்ஷனில் (கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்கும் ரகம்) அடித்தகட்டைத் திறந்தால் அத்தனையும் உள்ளங்கையில் விழுகிறது. நான் குழலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு லீவரை மறுபடி மறுபடி இழுக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டாவும் சுடும் அறை வரை போய்விட்டுத்தான் வெளியே வரும், பக்கவாட்டில் துள்ளி, மணலில். குனிந்து பொறுக்கி, ஊதித் துடைத்து, அடுத்த நிறுத்தத்தில் அதே கதவு வழியாக மறுபடி உள்ளே. போன சீசனில் ஒரே நாளில் ஏழு முறை ஏறி இறங்கினோம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் கதவின் ஓரத்தை அரம் போட்டு ராவி, மெருகு ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கைவேலை சுத்தம். முன்பு விரல் கிழியும், இப்போது நசுங்குகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே 'வாக் அ பிக்கி' என்று ஒரு முள்மரம் உண்டு. 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம். நம் இலந்தையின் பங்காளி. ஒரு முள் நேராகக் குத்தும், அடுத்த முள் வளைந்து இழுக்கும். சட்டை மாட்டினால் உண்மையிலேயே பொறுத்துத்தான் போக வேண்டும். அந்தப் புதருக்குள் நீளக் குழல் போல்ட் துப்பாக்கியோடு நண்பன் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். இது கைக்கு அடக்கமாக, இரண்டு பக்கமும் தட்டையாக, பின்னாலேயே நுழைந்து வந்துவிடும். ஒருமுறை தடம் பார்த்து முன்னால் போகும் டிராக்கர் சட்டென்று நின்று, உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினார். எழுபது மீட்டரில் நீல வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை ஒன்று, தோள் மட்டும் தெரிந்தது. சுட்டேன். கன்னத்திலிருந்து துப்பாக்கியை எடுக்காமலே லீவரை இழுத்து இரண்டாவதைத் தயாராக வைத்தேன், தேவைப்படவில்லை. நாற்பது அடி போய் விழுந்தது. கனத்த, மெதுவான குண்டு; தோள்கறியில் ரத்தம் கட்டவே இல்லை. வேகமான .30-06 என்றால் அந்தத் தோளில் பாதியை வெட்டி எறிந்திருப்போம். அன்றிரவு மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்ததில் சட்டிதான் மிச்சம்.

'பெரிய துவாரக் குழல், ஆப்பிரிக்கா' என்றதும் தம்பிக்கு எருமைக் கனவு வரும். வேண்டாம். நமீபியாவில் குண்டின் ஆற்றல் எருமைக்குக் குறைந்தது 5400 ஜூல், குடு மானுக்கே 2700 ஜூல் என்று சட்டம். 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த இந்தத் தோட்டாவின் சாதாரண 405 கிரெய்ன் எடைக் குண்டு ரகம் சுமார் 2150 ஜூல்தான் தரும். அங்கே குடுவைக்கூடத் தொட முடியாது. வீரியம் கூட்டிய ரகங்கள் குடுவுக்குப் போதும்; எருமைக்கு அவற்றிலும் பெரும்பாலானவை எட்டாது, தோளில் இடி மட்டும் கூடும். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு லீவர் கொண்டுபோனாரே என்பான். அது வின்செஸ்டர் 1895 மாடல், .405 அளவு, குழாய் இல்லை, அடியில் பெட்டி. கூர்முனைக் குண்டும் போடலாம். குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது கூர்முனை முன்னிருப்பதன் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கலாம் என்பதால் எனக்குத் தட்டைமுனைதான், மிஞ்சிப்போனால் ரப்பர் போன்ற மென்முனை. 100 மீட்டருக்குக் குறி வைத்த அந்தச் சாதாரண ரகம் 200-இல் ஒரு முழத்துக்கும் மேல் கீழே இறங்கிவிடும். திறந்தவெளி இதற்கு ஆகாது.

ஆகவே தம்பி, பழைய .308 போல்ட் ஒன்று பார்த்து வாங்கு. என்னுடையதை விலைக்குக் கேட்காதே. இரண்டு வருடத்தில் லைசென்ஸ் முடிகிறது, புதுப்பிக்கும் தாள்களை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். ஜூலையில் என்னோடு வா. சுடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், மணலில் விழுவதை நீ பொறுக்கு.