ஃபைகோவா, வான்டேஜ்ஸ்கோரா? அமெரிக்காவில் எந்த எண்ணை நம்புவது

அமெரிக்காவில் வீடோ காரோ வாங்கக் கடன் கேட்கும் பலர் ஒரே இடத்தில் குழம்புகிறார்கள். செல்போன் செயலி ஒரு கிரெடிட் ஸ்கோரைக் காட்டுகிறது, அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று மதிப்பிடும் எண்ணை. கடன் அதிகாரியின் திரையில் வேறு எண், சில நேரம் நன்றாகவே குறைந்த எண். யாரோ தவறாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் இரண்டும் சரியான எண்கள்தான், கணக்குப் போடும் முறைதான் வேறு.

இந்த எண்ணைக் கணக்கிடும் இரண்டு முறைகள் ஃபைகோவும் வான்டேஜ்ஸ்கோரும். ஃபைகோ மூத்தது. பில் ஃபேர், ஏர்ல் ஐசக் இருவரும் 1956-ல் தொடங்கிய நிறுவனம், பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்கோரை 1989-ல் கொண்டுவந்தது. வான்டேஜ்ஸ்கோரை 2006-ல் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பீரோக்களும் (மக்களின் கடன் வரலாற்றைச் சேகரித்து வைக்கும் நிறுவனங்கள்) சேர்ந்து உருவாக்கின. இரண்டுமே இப்போது 300 முதல் 850 வரை போகின்றன. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். அளவு ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

புதிதாக நாட்டுக்குள் வந்தவர்களுக்கு வான்டேஜ்ஸ்கோர் நல்ல துணை. ஒரு கணக்கு, ஒரு மாத வரலாறு இருந்தாலே எண் வந்துவிடும். ஃபைகோவுக்குக் குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு வேண்டும். எனவே முதல் கார்டு வாங்கிய இரண்டாம் மாதமே செயலியில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, கடன் தருபவருக்கும் அது தெரியும் என்று எண்ண வேண்டாம். அவர் ஃபைகோ பார்ப்பவரானால் அவருக்கு அப்போது எண்ணே கிடைக்காது.

பெரிய இடைவெளி வருவது வசூல் ஏஜென்சிக்குப் போன பாக்கிகளில். அப்படி ஒரு பாக்கியை நீங்கள் கட்டி முடித்துவிட்டால், வான்டேஜ்ஸ்கோரின் 3.0, 4.0 பதிப்புகள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஃபைகோவின் 9-ம் பதிப்பும் அப்படித்தான். ஆனால் இன்னும் பரவலாகப் புழங்குவது ஃபைகோ 8. அதில், ஆரம்பத் தொகை 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே பாக்கி கண்டுகொள்ளப்படாது. அதற்கு மேல் என்றால், கட்டி முடித்த பிறகும் ஸ்கோரை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கடனை நேர்மையாக அடைத்தவருக்கும் அடைக்காதவருக்கும் வித்தியாசம் பார்க்காத இந்த முறை எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த விஷயத்தில் வான்டேஜ்ஸ்கோர் பக்கம்தான் நான்.

தவணையைத் தவறாமல் கட்டுவதுதான் இரண்டிலும் முதலிடம். ஃபைகோ அதற்கு 35 சதவீத எடை தருகிறது, அடுத்து எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பதற்கு 30. வான்டேஜ்ஸ்கோரில் தவணைக்கான எடை 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

குறைந்த வட்டி தேடிப் பல வங்கிகளில் விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைகோவின் புதிய பதிப்புகள் வீடு, கார், கல்விக் கடன்களுக்கான விசாரணைகளை (விண்ணப்பத்தின்போது வங்கி உங்கள் கடன் வரலாற்றைப் பார்ப்பது, இது ஸ்கோரைச் சற்றுக் குறைக்கலாம்), ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக, 45 நாட்களுக்குள் வந்தால் ஒன்றாக எண்ணும். பழைய பதிப்புகளில் அது 14 நாள். வான்டேஜ்ஸ்கோரிலும் 14 நாள்தான். எது பயன்படுகிறது என்று தெரியாதபோது, இரண்டு வாரத்துக்குள் எல்லா விண்ணப்பத்தையும் முடித்துவிடுவதே பாதுகாப்பு.

சரி, எதைப் பார்ப்பது? மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க மட்டுமென்றால், கிரெடிட் கர்மா என்ற இலவசச் செயலி காட்டும் வான்டேஜ்ஸ்கோர் 3.0 தாராளமாகப் போதும். ஸ்கோர் திடீரென்று சரிந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும், அந்த வேலையை அது செய்துவிடும். வீட்டுக்கடன் என்றால் பெரும்பாலும் ஃபைகோவைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் பழைய பதிப்புகளை. மூன்று பீரோக்களிலிருந்தும் எண் எடுத்து நடுவில் உள்ளதை வைத்துக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். எக்ஸ்பீரியன் தளத்தில் ஃபைகோ 8-ஐ இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் அதுவும் வீட்டுக்கடன் பதிப்பு அல்ல. வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வாங்கும் கடன்களுக்கு வான்டேஜ்ஸ்கோர் 4.0-வையும் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. அதனால் வங்கி எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. விண்ணப்பிக்கும் முன்பே “எந்த ஸ்கோர், எந்தப் பதிப்பு?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம், இந்த இரண்டு எண்களையும் விட நான் முக்கியமாக நினைப்பது கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது பீரோ வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாற்றுப் பதிவை. ஸ்கோர் எதுவானாலும் கணக்கு அதிலிருந்துதான் பிறக்கிறது, திருத்தக்கூடியதும் அது மட்டும்தான். உங்களுடையதே அல்லாத கணக்கு, கட்டிய தவணை கட்டாததாகப் பதிவானது, அடைத்த கடன் திறந்தே கிடப்பது, இப்படி எது இருந்தாலும் இரண்டு ஸ்கோரும் சேர்ந்தே விழக்கூடும். ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுங்கள், ஒன்றில் உள்ள பிழை மற்றதில் இல்லாமல் போகலாம். நீங்கள் மறுப்பு தெரிவித்தால் பீரோ பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். கடனுக்கு விண்ணப்பித்த பிறகு இதைத் தொடங்கினால் அந்த ஒரு மாதம் உங்களுக்குக் கிடைக்காது, ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.