டேங்கர் எண்ணுபவர், பில் பாஸ் செய்பவர்: அபார்ட்மென்ட் ஏபிஐயில் மூன்று வருட லாகின், ரோல் அனுபவம்

பெங்களூர் பெல்லந்தூர் பக்கத்து அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஒன்றுக்கான வெப் ஏபிஐ இது, அதாவது ஆப்கள் தரவு கேட்டு அழைக்கும் சர்வர் பக்கம். கேட்டுக்குள் வரும் தண்ணீர் டேங்கரை செக்யூரிட்டி பதிவார், மேனேஜர் சரிபார்ப்பார், பொருளாளர் பில்லை பாஸ் செய்வார், வீட்டுக்காரர்கள் அவரவர் நிலுவையைப் பார்ப்பார்கள். அடியில் மைக்ரோசாஃப்டின் லாகின் நூலகமான ஏஎஸ்பி டாட் நெட் கோர் ஐடென்டிட்டி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், லாகின் ஆனவருக்குத் தரும் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டான ஜேடபிள்யூடி டோக்கன். டாட் நெட் 6-இல் தொடங்கி இப்போது 8-இல் ஓடுகிறது. லாகின் ஒரு வாரத்தில் முடிந்த வேலை. இன்றுவரை வேலை வாங்குவது ரோல்தான், யார் எதைச் செய்யலாம் என்ற பங்கு.

லாகினுக்கு நல்ல மார்க்கே போடலாம். பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத வடிவாக ஹாஷ் செய்வதில் நாம் தலையிட வேண்டியதில்லை. டாட் நெட் 6 வரை 10,000 சுற்று ஷா-256, 7 முதல் 1,00,000 சுற்று ஷா-512. பழைய ஹாஷ் உள்ளவர் அடுத்த முறை பாஸ்வேர்ட் போட்டு நுழையும்போது புதியதாகத் தானே மாறிவிடும். பாஸ்வேர்ட் கேட்காமல் புது டோக்கன் வாங்கித் தரும் ரிஃப்ரெஷ் டோக்கனிலேயே காலம் தள்ளுபவர்களுக்கு மட்டும் மாறாது. அவர்களை ஒரு முறை வெளியேற்றி மறுபடி லாகின் கேட்க வேண்டும்.

ஆரம்பத்தில் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டோக்கன் இல்லாமல் கூப்பிட்டால் 401 (யாரென்று தெரியவில்லை) வர வேண்டும். அதற்குப் பதில் 302 (வேறு பக்கத்துக்குப் போ) வந்து, இல்லாத லாகின் பக்கத்துக்குத் தள்ளி, 404-இல் (அப்படி எதுவும் இல்லை) போய் நிற்கும். ஆட்ஐடென்டிட்டி என்று அழைத்தால் அது பிரவுசர் குக்கியை டீஃபால்ட் ஸ்கீமாக, அதாவது ஆளை அடையாளம் காணும் வழியாக, வைத்துவிடுவதுதான் காரணம். ஏபிஐ மட்டும் என்றால் ஆட்ஐடென்டிட்டிகோர், அதனுடன் ஆட்ரோல்ஸ், ஆட்சைன்இன்மேனேஜர் போதும்.

அடுத்தது, சத்தம் போடாத ஓட்டை. யூசர்மேனேஜரின் செக்பாஸ்வேர்ட் சரியா தவறா என்று மட்டும் சொல்லும், தவறுகளை எண்ணாது. 5 தவறுக்கு 5 நிமிடப் பூட்டு என்ற டீஃபால்ட் இருந்தும், யார் எத்தனை முறை முயன்றாலும் பூட்டு விழாது. சைன்இன்மேனேஜர் வழியாக, பூட்டுக்கான தவறு எண்ணிக்கையை ஆன் செய்து சரிபார்த்தால்தான் விழும்.

டோக்கனைத் திறந்து பார்த்தால் ரோல் இருக்கும், ஆனாலும் 403 (அனுமதி இல்லை) வரும். டோக்கனில் உள்ள விவரங்களான கிளைம்களின் பெயரை ஃப்ரேம்வொர்க் நீளமான யூஆர்ஐயாக மாற்றிவிடும். அந்த மாற்றத்தை அணைத்தவர்கள் எந்தக் கிளைம் ரோல் என்று காட்டும் ரோல்கிளைம்டைப்பையும் சேர்த்துச் சொல்ல மறந்திருப்பார்கள். இன்னொன்று, யாருக்கு அனுமதி என்று கோடில் எழுதும் ஆத்தரைஸ் குறிப்பில் இரண்டு ரோலைக் கமா போட்டு எழுதினால் ‘இதுவோ அதுவோ’; இரண்டு குறிப்பாக அடுக்கினால் ‘இரண்டும் வேண்டும்’. கோட் ரிவ்யூவில் இதை யாரும் கவனிப்பதில்லை.

இனி ரோல். அசோசியேஷன் பொதுக்குழு கூடிப் பொருளாளரை மாற்றுகிறது. பழையவர் கையிலிருக்கும் டோக்கனில் ‘பொருளாளர்’ என்று கையெழுத்தோடு எழுதியிருக்கிறது. டேட்டாபேஸில் ரோலை நீக்கினாலும் டோக்கன் காலாவதியாகும் வரை அது செல்லும். போதாததற்கு, கடிகார வித்தியாசத்துக்கான கிளாக்ஸ்க்யூ டீஃபால்ட்டாக 5 நிமிடம் கூடுதல் சலுகை தருகிறது. 10 நிமிட டோக்கன் நடைமுறையில் 15 நிமிடம் வாழும். இங்கே அந்தச் சலுகை 30 விநாடிக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு சர்வர் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு என்டிபி வழிக் கடிகார ஒத்திசைவையும் 180 நாள் லாக் (செயல்பாட்டுப் பதிவு) சேமிப்பையும் எப்படியும் கேட்கிறது, ஆகவே இது தனி வேலை இல்லை.

ரிஃப்ரெஷ் செய்யும்போது பழைய டோக்கனின் கிளைம்களை அப்படியே நகலெடுப்பது மோசமான தவறு. போன ரோல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும். ரிஃப்ரெஷ் டோக்கனை ஹாஷாகச் சேமிப்பது, ஒரு முறை பயன்பட்டதும் மாற்றுவது, பழையது திரும்ப வந்தால் அந்தத் தொடரையே ரத்து செய்வது, இவை எல்லாம் சரி. ஆனால் ஒரே பிரவுசரில் இரண்டு டேப் ஒரே நேரத்தில் ரிஃப்ரெஷ் கேட்டால், நல்லவரே திருடனாகி வெளியே தள்ளப்படுவார். 10 விநாடி சலுகை வைத்த பிறகுதான் அந்தப் புகார் நின்றது. பணம் நகரும் அழைப்புகளில் மட்டும் டோக்கனை நம்பாமல் ரோலை டேட்டாபேஸில் நேராகப் பார்ப்பது உத்தமம். ஒரு குவெரிதான், செலவு ஒன்றுமில்லை.

ரோலால் ஆகாத காரியங்களும் உண்டு. பி-304 வீட்டுக்காரர் யூஆர்எல்லில் 304-ஐ 305 ஆக்கினால்? அவரும் குடியிருப்பாளர்தான், ரோல் சோதனை தாராளமாக விட்டுவிடும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2023 ஏபிஐ அபாயப் பட்டியலில் முதலிடம் இந்த வகைக் கோளாறுக்குத்தான். இரண்டு வீடு வைத்திருப்பவர், வாடகைக்கு விட்டுவிட்டு ஒயிட்ஃபீல்டில் குடியிருப்பவர், அந்த வீட்டில் 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் என்று பெங்களூரில் இதற்குக் குறைவில்லை. ‘உரிமையாளர்’, ‘வாடகைதாரர்’ என்று ரோல் போட்டது வீண் வேலை. ஆள், வீடு, உறவு, தொடங்கிய தேதி, முடியும் தேதி என்ற டேபிளும், அதைப் படித்து அனுமதியை முடிவு செய்யும் ஒரு ஆத்தரைசேஷன் ஹேண்ட்லரும்தான் கடைசியில் நின்றன. அடுத்தவர் வீட்டைக் கேட்டால் 403 தராமல் 404 தருகிறது. அப்படி ஒரு பில் இருக்கிறது என்பதையே சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

டேங்கர் பில்லும் அப்படித்தான். மேனேஜர் விடுப்பில் போக, பொருளாளருக்கு மேனேஜர் ரோலும் தற்காலிகமாகக் கிடைத்தால், சரிபார்ப்பவரும் பாஸ் செய்பவரும் ஒருவரே. ரோல் சோதனைக்கு இதில் குற்றம் தெரியாது. ‘சரிபார்த்தவர் பாஸ் செய்யக் கூடாது’ என்று பில்லையே பார்த்துச் சொல்லும் பாலிசி வேண்டும்.

டாட் நெட் 8-இன் ரெடிமேட் லாகின் வழிகளான மேப்ஐடென்டிட்டிஏபிஐக்கு மாறலாமா என்றால், இந்த மாதிரி இடத்துக்கு வேண்டாம். பதிவு செய்யும் வழி எல்லோருக்கும் திறந்தே இருக்கும், அதை மட்டும் தனியாக மூட ரெடிமேட் வசதியில்லை. இங்கே அழைப்பு இல்லாமல் யாரும் சேரக் கூடாது.

கேட்டில் ஒரே போன், 12 மணி நேர ஷிஃப்ட், கை மாறும் ஆட்கள். “சார், போன்ல லாகின் போயிடுச்சு, டேங்கர் வெளில நிக்குது” என்று காலை ஆறு மணிக்கு அழைப்பு வருவது பொது அக்கவுன்ட்டின் விளைவு. இரவு ஷிஃப்டில் யாராவது வெளியேறும் பட்டனைத் தட்டியிருப்பார்கள். டேங்கரை யார் எண்ணினார் என்பதும் லாகில் ‘செக்யூரிட்டி’ என்று மட்டும் இருக்கும். இப்போது போனுக்கு ஒரு டோக்கன், ஆளுக்கு நான்கு இலக்கப் பின். நான்கு இலக்கத்தில் 10,000 சாத்தியம்தான், ஆகையால் அந்தப் பின் அந்தப் போனில் மட்டுமே செல்லும், 5 தவறானால் பூட்டு. பூட்டைத் திறக்கும் உரிமை மேனேஜருக்கு. அவர் திறப்பதும் லாகில் பதிகிறது.