சோளமாவு கவரா, பி.எல்.ஏ. ஃபிலிமா? மதுரைக் கடைக்கு எது தாங்கும்?

மட்கும் கவர் வாங்கும்போது விலையையும் மைக்ரானையும் கேட்கிறோம். அதை எங்கே அடுக்கப்போகிறோம் என்பதை யோசிப்பதில்லை. போன சித்திரையில் எங்கள் பலகாரக் கடைப் பரணில், தகரக் கூரைக்கு அடியில் இரண்டு மாதம் கிடந்த கட்டைப் பிரித்தோம். அரைக் கிலோ மிக்சர் போட்டதும் மடித்த கோட்டிலேயே கிழிந்தது. அதே லாட்டில் உள்ளறை அலமாரியில் இருந்த கவர்கள் நன்றாகவே இருந்தன.

கிழிந்தது சோளமாவு கவர். மாவுச்சத்தோடு, வளைந்து கொடுக்கும் பி.பி.ஏ.டி. என்ற மட்கும் பிளாஸ்டிக்கைக் கலந்து செய்வது. மாவுச்சத்துக்குக் காற்றின் ஈரம்தான் எல்லாம். ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சித் தொளதொளவென்று ஆகும். இழுத்தால் நீளும், ஆனால் பலம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் ஈரத்தை இழந்து விறைக்கும். போதாததற்கு, நேற்றைய இட்லி இன்று கெட்டிப்படுவதுபோல நாளாக நாளாக மாவுச்சத்து தானாகவும் இறுகும். இட்லியில் நடப்பதும் கவரில் நடப்பதும் ஒரே மாற்றம்தான்.

பி.எல்.ஏ. என்பதும் ஒரு மட்கும் பிளாஸ்டிக்தான். அதன் ஃபிலிம் கண்ணாடிபோல் தெளிவானது, முறுக்கு பாக்கெட்டுக்கு அழகு. ஈரத்தில் உடனே தளராது. புதிதாக இருக்கும்போது இழுவிசையில் சோளமாவு கவரை மிஞ்சும், ஆனால் அவ்வளவாக நீளாமல் பட்டென்று முறியும். அதன் எதிரி வெப்பம். 55 முதல் 60 டிகிரிக்குள் அது இளகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழான சூட்டில் பல நாள் கிடந்தாலே உள்ளுக்குள் இறுகி, இன்னும் எளிதில் உடையும். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும்; அந்தப் பலம் திரும்பாது. மழைக்காலத்தில் தளர்ந்த சோளமாவு கவரை உலர்ந்த இடத்தில் வைத்தால் ஓரளவு தேறும். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

ஆய்வகத்தில் ஃபிலிமை 23 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருந்துதான் வழக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள். கோடையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் அந்தப் பலத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

சரி, எதை வாங்குவது? கைப்பிடி வைத்த கவருக்குச் சோளமாவுதான். மாட்டுத்தாவணியில் ஈர மல்லிகையை அதில் நெடுநேரம் வைக்காமல் இருந்தால் போதும். பி.எல்.ஏ.வை உலர்ந்த பலகாரத்துக்கு மட்டும், அதுவும் வெயில் ஏறாத உள்ளறை இருந்தால் வாங்கலாம். பரணும் தகரக் கொட்டகையும் இரண்டுக்குமே ஆகாது. தரையோடும் சுவரோடும் ஒட்டாமல், வந்த உறையைப் பிரிக்காமல் அடுக்குங்கள். பழைய கட்டு முதலில் போகட்டும்.

நாங்கள் இப்போது மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. மாதம் ஒருமுறை அடிக்கட்டிலிருந்து ஒரு கவரை உருவி, மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி இழுத்துப் பார்க்கிறோம். கோட்டில் கிழிந்தால் அந்தக் கட்டு குப்பைக் கூடைக்குள் விரிக்கப் போகும்.